கொடுத்தால் மனம் ஏன் நிறைகிறது?

கனடாவின் வான்கூவர் நகரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகம். காலை நேரம். சோதனைக்குச் சம்மதித்தவர்களிடம் முதலில் “இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு கவரைக் கையில் கொடுத்தார்கள். சில கவர்களில் 5 டாலர், சிலவற்றில் 20 டாலர். கூடவே ஒரு நிபந்தனை. பாதிப் பேர் அந்தப் பணத்தை மாலை 5 மணிக்குள் தங்களுக்காகவே செலவழித்துவிட வேண்டும். மீதிப் பேர் அதற்குள் வேறு யாருக்காவது ஏதாவது வாங்கித் தர வேண்டும், அல்லது தர்மம் செய்துவிட வேண்டும். மாலையில் எல்லோருக்கும் போன் போட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள்.

தங்களுக்காகச் செலவழித்தவர்கள் கம்மல், மேக்கப் சாமான், காபி என்று வாங்கியிருந்தார்கள். மற்ற அணியில் ஒரு பெண் உறவுக்காரக் குழந்தைக்குப் பொம்மை வாங்கினார். சிலர் தெருவோரம் வீடில்லாமல் கிடந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பெரிய விஷயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் காலையைவிட மாலையில் சந்தோஷம் கூடியிருந்தது இந்த இரண்டாவது அணிக்குத்தான். அதைவிட வேடிக்கை, கவரில் இருந்தது 5 டாலரா 20 டாலரா என்பதால் ஒரு வித்தியாசமும் வரவில்லை.

எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் சேர்ந்து 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இது. வேறு சில மாணவர்களிடம் இதே ஏற்பாட்டை விவரித்து, யார் அதிகச் சந்தோஷமாக இருப்பார்கள் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர், 20 டாலரைத் தனக்கே செலவழிப்பவர்தான் என்றார்கள். தொகையிலும் தப்பு, ஆளிலும் தப்பு. நம்மில் பலரும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

இதற்கு எதற்கு இத்தனை மெனக்கெடல், கொடுப்பவர்களிடமே போய்க் கேட்டால் போதாதா என்று தோன்றலாம். கேட்டுப் பார்த்தார்கள். அதே ஆய்வில் 632 அமெரிக்கர்களிடம் வருமானம் எவ்வளவு, தனக்குச் செலவு எவ்வளவு, பரிசும் நன்கொடையும் எவ்வளவு என்று விசாரித்தார்கள். பிறருக்காக அதிகம் செலவழிப்பவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தனக்குச் செய்யும் செலவுக்கும் மகிழ்ச்சிக்கும் சம்பந்தம் தென்படவில்லை. ஆனால் இதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. கொடுப்பதால் மகிழ்ச்சி வருகிறதா, ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருப்பவர்தான் கை தாராளமாகக் கொடுக்கிறாரா? இரண்டும் சேர்ந்தே தென்படுகின்றன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. அதனால்தான் கவர் சோதனை. யாருக்கு எந்தக் கவர், எந்த நிபந்தனை என்பதைக் குலுக்கல் மாதிரி பிரித்துவிட்டால், இயல்பிலேயே தாராளமானவர்களும் கஞ்சர்களும் இரண்டு அணியிலும் கலந்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் ஒரு அணியின் மனநிலை மட்டும் உயர்ந்தால், காரணம் செலவழித்த விதம்தான்.

சரி, பெரியவர்களுக்கு ஊர் மெச்சும் என்ற நினைப்பு இருக்கும். “பகிர்ந்து சாப்பிடு” என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கமும் இருக்கும். அதனால் வரும் திருப்தியாக இருக்கலாம் அல்லவா? இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் வந்தது. 2012இல் அக்னினும் டன்னும், குழந்தைகளின் உளவியலை ஆராயும் கைலி ஹாம்லினும் சேர்ந்து, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குழந்தைக்கு ஒரு கிண்ணம் நிறைய மீன் வடிவ பிஸ்கட். எதிரே ஒரு குரங்கு பொம்மை. உள்ளே கையை நுழைத்து ஆட்டுகிற வகை. பிஸ்கட் கொடுத்தால் குரங்கு “ம்ம்” என்று ரசித்துச் சாப்பிடுகிற மாதிரி சத்தம் வரும், பிஸ்கட்டும் காணாமல் போகும். முதலில் குழந்தைக்கே பிஸ்கட் கிடைத்தது. பிறகு ஆய்வாளர் குரங்குக்குக் கொடுப்பதைக் குழந்தை பார்த்தது. அப்புறம், “இதோ இன்னொன்று இருக்கிறது, குரங்குக்குக் கொடு” என்று கையில் கொடுத்துக் கொடுக்க வைத்தார்கள். இன்னொரு கட்டத்தில், குழந்தையின் சொந்தக் கிண்ணத்திலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, சோதனையின் நோக்கம் தெரியாதவர்களைக் கொண்டு குழந்தையின் முகத்தில் சிரிப்பு எவ்வளவு என்று மதிப்பெண் போட வைத்தார்கள். தனக்குப் பிஸ்கட் கிடைத்தபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது முகம் அதிகம் மலர்ந்தது. அதிலும் தன் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தபோதுதான் மலர்ச்சி அதிகம். பேச்சே சரியாக வராத வயதில், யார் பாராட்டுவார்கள் என்ற கணக்கு அந்தப் பிள்ளைக்கு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

அடுத்த கேள்வி இன்னும் நியாயமானது. இதெல்லாம் வயிறு நிறைந்த நாட்டுக் கதைதானே? 136 நாடுகளில் நடந்த கேலப் கருத்துக்கணிப்பின் விவரங்களை எடுத்துப் பார்த்ததில், 120 நாடுகளில் கடந்த மாதம் தர்மம் செய்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தப் போக்கு மாறவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு சோதனை: கையில் கிடைக்கும் சிறு தொகைக்குச் சாக்லேட், ஜூஸ் கொண்ட ஒரு பையை வாங்கித் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று சிலருக்கு, அதே பை மருத்துவமனையில் இருக்கும் ஒரு நோயாளிக் குழந்தைக்குப் போகும் என்று சிலருக்கு. முகம் தெரியாத அந்தக் குழந்தைக்காக வாங்கியவர்களின் மனம்தான் லேசாகியிருந்தது. பங்கேற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், முந்தைய ஆண்டில் சாப்பாட்டுக்கே காசில்லாமல் திண்டாடியவர்கள்.

கொடுப்பதில் எல்லாமே ஒரே மாதிரி சந்தோஷத்தைத் தருவதில்லை. எனக்குச் சுவாரசியமாகப் படுவது இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டார்பக்ஸ் காபிக் கடையின் 10 டாலர் கூப்பனை நான்கு விதமாகப் பயன்படுத்தச் சொல்லி ஒரு சோதனை செய்தார்கள். முதல் அணி கூப்பனை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். கூடப் போகக் கூடாது. இரண்டாவது அணி ஒருவரை அழைத்துப் போய் அவருக்கு அதில் வாங்கித் தர வேண்டும். மூன்றாவது அணி நண்பரோடு போகலாம், ஆனால் கூப்பனைத் தனக்கே பயன்படுத்த வேண்டும். நான்காவது அணி தனியாகப் போய்த் தனக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். அதிக மகிழ்ச்சி யாருக்கு என்று யூகிப்பது கஷ்டமில்லை: கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தந்தவருக்குத்தான். வெறுமனே கொடுத்ததும், வெறுமனே கூட உட்கார்ந்ததும் அந்த அளவுக்கு எட்டவில்லை. கோயில் அன்னதானத்துக்கு ஆன்லைனில் பணம் கட்டி ரசீது வாங்குவதையும், பந்தியில் நின்று “இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவா?” என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். இரண்டிலும் சாப்பிடுகிறவருக்கு வயிறு நிறைகிறது. கொடுத்தவருக்கு மனம் நிறைவது பந்தியில்.

கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிவதும் முக்கியம். இரண்டு தொண்டு அமைப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்று யுனிசெஃப், உலகம் முழுக்கக் குழந்தைகளுக்காக எத்தனையோ வேலை செய்கிற பெரிய அமைப்பு. இன்னொன்று ‘ஸ்ப்ரெட் தி நெட்’. 10 டாலர் கொடுத்தால் ஒரு கொசுவலை, அது குழந்தையை மலேரியாவிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான். இரண்டின் நோக்கமும் நல்லதுதான். ஆனால் கொசுவலைக்குக் கொடுத்தவர்களுக்குத்தான் கொடுக்கக் கொடுக்க மகிழ்ச்சி கூடியது. பெரிய நிதியில் போய்க் கரையும் பணத்துக்கு மனத்தில் ஒரு படம் கிடைப்பதில்லை, கொசுவலைக்குக் கிடைக்கிறது. நன்கொடை கேட்கிற நம்மூர் அமைப்புகள் பல இன்னும் வங்கிக் கணக்கு எண்ணையும் வரிவிலக்குப் பிரிவையும் மட்டுமே பெரிய எழுத்தில் போடுகின்றன.

மூன்றாவது விஷயம் விருப்பம். மாட்டேன் என்று சொல்ல வழியிருந்தும் கொடுத்தோமா என்பதே கேள்வி. நெட்டா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரயன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கையில் இருக்கும் டாலர்களை இன்னொருவரோடு பகிரச் சொன்னார்கள். எவ்வளவு கொடுப்பது என்று தானே முடிவு செய்தவர்களுக்கு, அதிகம் கொடுத்தபோது மனநிலை உயர்ந்தது. இவ்வளவு கொடு என்று சொல்லிக் கொடுக்க வைத்தவர்களுக்கு அந்த உயர்வு கிடைக்கவில்லை.

நம் மொய்ப் பழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஆடி, ஆவணி வந்தால் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டும். செலவைப் பகிர்ந்துகொள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் விருந்து வைப்பதும் உண்டு. கறிச்சோறு, ஆளாளுக்குத் தனி மேசை, மேசைக்கு ஒரு நோட்டு, எழுத ஒருவர், பணத்தை வாங்கிப் போட ஒருவர். சில இடங்களில் நோட்டு எண்ணும் இயந்திரமே வந்துவிட்டது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும்போது மேலே கொஞ்சம் போட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த மேல்தொகை எதிராளிக்குப் புதுக் கணக்கு. வங்கி வாசல் ஏறாமல் வட்டியில்லாமல் முதல் திரட்டிக் கிணறு வெட்டவும் கல்யாணம் செய்யவும் உதவிய ஏற்பாடு இது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மொய் எழுதிவிட்டு வெளியே வருகிறவரிடம் கொடுத்த சந்தோஷத்தைத் தேடக் கூடாது. அவரிடம் இருப்பது கடன் கழிந்த நிம்மதி. அதே மனிதர் வழியில் கூட வந்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் அதில் அந்தச் சந்தோஷம் இருந்திருக்கும். தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் விஷயம் அப்படித்தான்.

வீட்டுக்குள் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாவைத் தியாகத்தின் உருவம் என்று மேடையில் பேசுவோம். அவருக்கு “இன்றைக்கு நான் முதலில் சாப்பிடுகிறேன்” என்று சொல்லும் உரிமை இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை ஆண்டுக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம் போய், கொடுப்பது மகிழ்ச்சி தரும் என்று இந்தக் கட்டுரையை நீட்டினால் அது அக்கிரமம். அவருக்கு வேண்டியது மாற்றாள்.

நெருக்கம், பலன் கண்ணில் படுவது, சொந்த விருப்பம். மூன்றுமே இன்னொரு மனிதரோடு நமக்கு இருக்கும் உறவைத் தொட்டு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பணம் கை மாறுவதால் மட்டும் மனம் நிறைவதில்லை. அந்தக் கை மாற்றத்தில் இரண்டு பேருக்கு நடுவே ஏதோ ஒன்று உண்டாகிறது. மகிழ்ச்சி அதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உறவு மட்டும் தனியாக என்ன செய்கிறது என்பதற்கு ஹார்வர்டின் நீண்ட ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1938இல் தொடங்கியது. ஹார்வர்ட் கல்லூரியில் படித்த 268 மாணவர்கள் ஒருபக்கம். பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 456 சிறுவர்கள் மறுபக்கம். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடியும் முதல் குழுவில் ஒருவர். வேலை, கல்யாணம், போர், குடிப்பழக்கம், நோய் என்று அவர்கள் வாழ்க்கை முழுவதையும் கேள்வித்தாள், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை வழியாகப் பின்தொடர்ந்தார்கள். இயக்குநர்கள் ஓய்வுபெற்று அடுத்தவர் வந்தார். நான்காவதாக வந்தவர் ராபர்ட் வால்டிங்கர். 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார்கள் என்பதை 50 வயதிலேயே எதை வைத்துச் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தபோது, கொலஸ்ட்ரால் அளவைவிட உறவுகளில் இருந்த திருப்தி நல்ல அடையாளமாக இருந்தது என்கிறார் வால்டிங்கர். குறை ஒன்று உண்டு: தொடக்கத்தில் அத்தனை பேரும் வெள்ளை இன ஆண்கள். இதில் குலுக்கல் பிரிப்பும் கிடையாது, உனக்கு நல்ல மனைவி, உனக்குக் கெட்ட நண்பன் என்று யாரும் பங்கிட முடியாதே. ஆனால் 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதே திசைதான்: உறவுகள் பலமாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்.

இந்த இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 423 வயதான தம்பதிகளை 5 ஆண்டுகள் கவனித்த ஸ்டெஃபனி பிரவுன் குழுவினர் 2003இல் சொன்னது: பிறரிடமிருந்து உதவி பெற்றதைவிட, துணைக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ சொந்தக்காரர்களுக்கோ உதவி செய்ததுதான் நீண்ட ஆயுளோடு ஒட்டிப் போனது. உறவு நம்மைத் தாங்குகிறது என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். நாம் யாரையாவது தாங்குகிறோம் என்பதும் நம்மை நிறுத்தி வைக்கிறது போல.

உறவு என்றதும் குடும்பம், உயிர் நண்பர் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பெயர் தெரியாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வான்கூவரிலேயே இன்னொரு சோதனை: காபி வாங்கப் போகிறவர்களில் சிலரிடம், காசைத் தயாராக வைத்துக்கொண்டு வேலையைச் சட்டென்று முடித்து வாருங்கள் என்றார்கள். மற்றவர்களிடம், கடைக்காரரைப் பார்த்துச் சிரியுங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். பேசியவர்கள் உற்சாகமாக வெளியே வந்தார்கள். சிகாகோவில் நிக்கலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச வைத்தார்கள். பேசினால் பயணம் எரிச்சலாகிவிடும் என்பது பயணிகளின் ஊகம். பேசியவர்களுக்குப் பயணம் இனிமையாக இருந்தது. நம்மூர்ப் பாசஞ்சர் ரயிலில் “எங்க இறங்கணும்?” என்று தொடங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் பெண் பார்க்கும் அளவுக்குப் போகிற பேச்சை இப்போது செல்போன் விழுங்கிக்கொண்டிருக்கிறது. பெண்கள் தனியாகப் பயணம் செய்யும்போது யாரோடும் பேசாமல் இருப்பதற்குத் தக்க காரணம் இருக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொடுத்தால் கவலையெல்லாம் பறந்துபோகும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். கவர் சோதனையில் இருந்தது 46 பேர்தான், சிறிய எண்ணிக்கை. பிற்பாடு 2020இல் அக்னினும் மற்றவர்களும், எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 7,000க்கும் மேற்பட்டோரை வைத்து மறுபடி சோதித்தார்கள். பலன் இருந்தது, ஆனால் அளவில் சிறியது. மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போக வேண்டியவர் அன்னதானம் செய்து அதைத் தீர்த்துக்கொள்ள முடியாது. பட்ஜெட்டில் துண்டு விழுகிற வீட்டில் கடன் வாங்கிக் கொடுப்பதும் இதில் சேராது.

டன்னின் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. இத்தனை ஆய்வு செய்தும், தொண்டு அமைப்புகளுக்குத் தான் பணம் அனுப்பும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். பிறகு சிரியாவிலிருந்து வந்த ஓர் அகதிக் குடும்பத்தை வான்கூவரில் குடியமர்த்தும் 25 பேர் குழுவில் சேர்ந்தார். கனடாவில் 1979 முதல் இதற்கு வழி இருக்கிறது. 2024 நவம்பரில் ஐந்து பேர் குழுக்களின் புது விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்படும் வரை, சாதாரணக் குடிமக்கள் ஐந்து பேர் கூடினால்கூட ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்க முடிந்தது. வாடகை, வீட்டுச் சாமான், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பஸ் பிடிப்பது எப்படி என்பது வரை ஏறக்குறைய ஓராண்டு கூட நிற்க வேண்டும். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து 1979-80இல் வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கு மேல் இப்படித் தனியார் பொறுப்பில் வந்தவர்கள்தான். 1986இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் பதக்கம் ஒரு தனி மனிதருக்குப் போகாமல் கனடா மக்களுக்கே போனது. மேலே சொன்ன மூன்றும், ஆளைத் தெரிவதும் பலனைப் பார்ப்பதும் விரும்பிச் செய்வதும், ஒரே ஏற்பாட்டில் கூடிவந்தது டன்னுக்கு அங்கேதான்.

அந்த அளவுக்கு நம்மில் எத்தனை பேரால் இறங்க முடியும் என்று தெரியாது. ஆனால் பெரும்பாலும் நம்மைத் தடுப்பது பணமில்லாமை அல்ல, தயக்கம். கொடுக்கவும் தயக்கம், கேட்கவும் தயக்கம். கேட்பதற்கும் இந்த விஷயத்தில் ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று வைராக்கியமாக இருப்பவர், கொடுக்கும் சந்தோஷத்தை மற்றவர்களுக்குக் கிடைக்காமல் செய்கிறார். சுவான் ஷாவோவும் எப்ளியும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பூங்காவுக்கு வந்தவர்களை முன்பின் தெரியாதவர்களிடம் போய் “ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்க வைத்தார்கள். கேட்டவர்கள், எதிராளிக்கு இது இடைஞ்சல், வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதிப்பார் என்று எண்ணியிருந்தார்கள். எடுத்துக் கொடுத்தவர்களைத் தனியே விசாரித்தபோது, அவர்களுக்கு அது இடைஞ்சலாகவே படவில்லை. கேட்டவர்கள் நினைத்ததைவிடச் சந்தோஷமாகத்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.